ஜோன் வெஸ்லி (1703 – 1791): இரட்சிப்பை உழைத்துத் தேடியவர், கொடையாகப் பெற்றவர்



கிறிஸ்தவ பாடத்தில் இரட்சிப்பு என்னும் விடயத்தைக் கற்கும்போது கிருபை, விசுவாசம், நற்செயல் ஆகிய மூன்று சொற்களை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். இவை ஒவ்வொன்றினதும் வரைவிலக்கணத்தை மனனம் செய்வது கடினமன்று. ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புபடுகின்றன என வினவப்படும்போதே பலர் தடுமாறுகின்றனர். நல்லவனாக நடந்தால் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று சிலர் விடை எழுதுவர். விசுவாசம் இருந்தால் போதும், எப்படி நடந்தாலும் பரவாயில்லை என்று வேறு சிலர் எழுதுவர். இவ்விரண்டு விடைகளும் பிழையானவை.

ஜோன் வெஸ்லியின் வாழ்க்கை வரலாற்றை ஒழுங்காகக் கற்றால் இந்தத் தடுமாற்றம் நீங்கும். ஏனெனில் அவர் 34 வயதுவரை முதலாவது பிழையினுள் வாழ்ந்து துன்பப்பட்டார். அதிலிருந்து வெளிவந்த பின்னர் இரண்டாவது பிழையை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார்.

1. இளமைக்காலம்

ஜோன் வெஸ்லி 1703 ஆம் ஆண்டு யூன் 17 ஆந் திகதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்திலுள்ள எப்வேர்த் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சாமுவேல் வெஸ்லி அவ்வூர் ஆலயத்தின் குருவானவர். தாயார் சூசன்னா. இத்தம்பதியினருக்குப் பிறந்த 19 பிள்ளைகளுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எஞ்சிய பிள்ளைகளுக்கு எழுத்தறிவையும் செபத்தையும் ஒழுங்கையும் தாயாரே வீட்டில் கற்பித்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பாமாலை ஆசிரியராக விளங்கிய சாள்ஸ் வெஸ்லி ஜோனின் இளைய சகோதரராவார்.

1709 பெப்ரவரியில் ஓரிரவு குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவனான ஜோன் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லாமையால், ஒருவர் தோளில் மற்றொருவர் ஏறி நின்று அவனை யன்னல் வழியாக இறக்கினர். சற்று நேரத்தில் கூரை இடிந்து வீழ்ந்தது. கடவுள் தன்னை ஏதோ ஒரு நோக்கத்துக்காகக் காத்தார் என்னும் எண்ணம் அவரிடம் இறுதிவரை இருந்தது.

2. ஒக்ஸ்போர்ட்டில் வெஸ்லி

1720 இல் வெஸ்லி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1725 இல் இங்கிலாந்துத் திருச்சபையின் உதவிக்குருவாகவும் 1728 இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். 1726 இல் லிங்கன் கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

அங்கு சகோதரர் சாள்ஸும் சில மாணவர்களும் சேர்ந்து சிறு குழுவொன்றை அமைத்திருந்தனர். 1729 இல் வெஸ்லி அதன் தலைவரானார். இக்குழுவினர் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் வாசித்தனர். வாரந்தோறும் திருவிருந்தில் பங்குபற்றினர். புதன், வெள்ளி நாட்களில் உபவாசம் இருந்தனர். சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளையும் கடனாளிகளையும் சந்தித்தனர். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கினர். எல்லாவற்றையும் ஒரு முறைமையின்படி செய்தமையால் ஏனைய மாணவர்கள் இவர்களை முறைமைக்காரர் என்ற பொருளில் மெதடிஸ்துகள் எனக் கேலி செய்தனர். கேலியாகச் சூட்டப்பட்ட அப்பெயரே பின்னர் ஓர் உலகத் திருச்சபையின் பெயராயிற்று.

இங்கு ஒரு விடயத்தை அவதானியுங்கள். வெளிப்பார்வைக்கு வெஸ்லியிடம் எக்குறையும் காணப்படவில்லை. ஆயினும் அவருடைய உள்ளத்தில் அமைதி இருக்கவில்லை. எவ்வளவு செய்தாலும் போதுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. இன்று செய்தது போதாது, நாளை இன்னும் கூடுதலாகச் செய்யவேண்டும் என்று அவர் தம்மைத் தாமே வருத்தினார்.

3. ஜோர்ஜியாப் பயணமும் கடற்புயலும்

1735 இல் தந்தை காலமானார். அவ்வாண்டு ஒக்டோபரில் வெஸ்லி வட அமெரிக்காவிலிருந்த பிரித்தானியக் குடியேற்றமான ஜோர்ஜியாவுக்கு மறைப்பணியாளராகப் புறப்பட்டார். தமது ஆன்மாவை மீட்டுக்கொள்வதே இப்பயணத்தின் முதன்மை நோக்கம் என அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். அதாவது, தூரதேசத்தில் துன்பப்பட்டு ஊழியம் செய்தாலாவது இரட்சிப்பின் நிச்சயம் கிட்டும் என அவர் எதிர்பார்த்தார்.

அதே கப்பலில் ஜேர்மனியைச் சேர்ந்த மொறாவியர் என்னும் கிறிஸ்தவக் குழுவினரும் பயணம் செய்தனர். 1736 சனவரியில் கடுமையான புயல் வீசியது. மொறாவியர் சங்கீதம் பாடி ஆராதனை செய்துகொண்டிருந்தபோது பேரலை ஒன்று கப்பல்மீது மோதியது. பிரதான பாய் கிழிந்தது. தளங்களுக்கிடையே நீர் புகுந்தது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினர். மொறாவியரோ பாடலை நிறுத்தவில்லை. புயல் தணிந்தபின் வெஸ்லி அவர்களுள் ஒருவரிடம் சென்று பயமில்லையா என விசாரித்தார். தமக்குப் பயமில்லை என்றும், தங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூட மரணத்துக்கு அஞ்சுவதில்லை என்றும் அவர் பதிலளித்தார்.

வெஸ்லி பயந்திருந்தார். இறையியல் கற்ற குருவானவர், நாள்தோறும் செபிப்பவர், ஏழைகளுக்கு உதவுபவர் மரணத்துக்கு அஞ்சினார். எளிய குடியேற்றக்காரர் அஞ்சவில்லை. தம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று இவர்களிடம் இருக்கின்றது என்பதை அவர் உணர்ந்தார்.

கரை சேர்ந்த பின்னர் மொறாவியத் தலைவரான ஸ்பாங்கென்பேர்க் வெஸ்லியிடம், இயேசு கிறிஸ்துவை அறிந்திருக்கிறாரா என்று கேட்டார். அவர் உலக இரட்சகர் என்பதை அறிவேன் என வெஸ்லி மறுமொழி கூறினார். உண்மைதான், ஆனால் அவர் உம்மை இரட்சித்தார் என்பதை அறிவீரா என்பது அடுத்த கேள்வியாயிற்று. வெஸ்லி ஒருவாறு பதில் சொன்னாராயினும் அது வெறும் வார்த்தையாக இருக்குமோ எனத் தமது நாட்குறிப்பில் ஐயம் தெரிவித்தார்.

ஜோர்ஜியாவில் அவரது பணி வெற்றியளிக்கவில்லை. கடுமையான ஒழுங்குவிதிகளை மக்கள் விரும்பவில்லை. தாம் முன்னர் விரும்பிய பெண்ணொருவர் வேறொருவரை மணந்தபின், அவருக்குத் திருவிருந்து வழங்க மறுத்தமையால் வெஸ்லிமீது வழக்குத் தொடரப்பட்டது. 1737 டிசெம்பரில் அங்கிருந்து புறப்பட்டு 1738 பெப்ரவரியில் இங்கிலாந்தை அடைந்தார். பிறரை மனந்திருப்பச் சென்ற தாமே மனந்திரும்பவில்லையே என்று அவர் மனம் வருந்தினார்.

4. மரணதண்டனைக் கைதியிடம் கற்ற பாடம்

நாடு திரும்பிய சில நாட்களில் பீற்றர் போலர் என்ற இளம் மொறாவியப் போதகரை வெஸ்லி சந்தித்தார். இரட்சிக்கும் விசுவாசம் என்பது கிறிஸ்துவைப் பற்றிய கொள்கைகளைச் சரியென ஒப்புக்கொள்வது மட்டுமன்று. கிறிஸ்து தனக்காகச் செய்தவற்றின்மீது ஒருவர் முழு நம்பிக்கையையும் வைப்பதே விசுவாசம் எனப் போலர் விளக்கினார்.

தம்மிடம் அத்தகைய விசுவாசம் இல்லை என்பதை 1738 மார்ச் மாதத்தில் வெஸ்லி தெளிவாக உணர்ந்தார். அவ்வாறாயின் பிரசங்கிப்பதை நிறுத்திவிடலாமா எனப் போலரிடம் ஆலோசனை கேட்டார். நிறுத்தவேண்டாம், விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், கிடைத்தபின் அது உம்மிடம் இருப்பதனால் பிரசங்கியும் என்பதே போலரின் ஆலோசனையாக இருந்தது.

வெஸ்லி இதன்படி விசுவாசத்தினால் மட்டும் வரும் இரட்சிப்பை முதன்முதல் அறிவித்தது மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்கு ஆகும். இது அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. மரணப் படுக்கையில் ஒருவன் மனந்திரும்ப முடியாது என்பதையே பல ஆண்டுகளாக அவர் உறுதியாகப் பேசிவந்தார். நற்செயல்களால்தான் ஒருவன் தகுதி பெறுகிறான் என்றால், தூக்குமேடைக்குச் செல்பவனுக்கு நற்செயல் செய்ய நாள் ஏது?

அம்மாதம் 27 ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் கோட்டைச் சிறையில் மரணதண்டனைக் கைதி ஒருவருடன் வெஸ்லி செபித்தார். துயரத்தோடும் கலக்கத்தோடும் முழந்தாளிட்ட அம்மனிதர், சிறிது நேரத்தின் பின் எழுந்து, கிறிஸ்து தமது பாவங்களை நீக்கிவிட்டார் என்றும் தாம் இறக்க ஆயத்தம் என்றும் கூறினார். தண்டனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோதும் அவர் அமைதியாகவே காணப்பட்டார்.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து சிந்தியுங்கள். பல ஆண்டுகள் உபவாசித்த குருவானவரிடம் இல்லாத அமைதி, கொடுப்பதற்கு எதுவுமில்லாத கைதியிடம் வந்தது. கைதி வெறுங்கையை நீட்டினார். வெஸ்லியின் கைகளோ தமது செயல்களால் நிறைந்திருந்தன.

5. 1738 மே 24

அன்று மாலை வெஸ்லி அதிக விருப்பமின்றி இலண்டன் அல்டர்ஸ்கேட் வீதியில் நடைபெற்ற சிறு கூட்டம் ஒன்றுக்குச் சென்றார். அங்கு உரோமர் நிருபத்துக்கு மாட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். விசுவாசத்தின் மூலம் கடவுள் மனித உள்ளத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை விளக்கும் பகுதி வாசிக்கப்பட்டது. அப்போது நேரம் இரவு 8.45 மணியளவில் இருக்கும். தம் உள்ளத்தில் இனம்புரியாத ஒரு வெப்பம் பரவியதாக வெஸ்லி உணர்ந்தார். இரட்சிப்புக்காகத் தாம் கிறிஸ்துவை மட்டும் நம்புவதையும், தமது சொந்தப் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயம் தமக்கு அருளப்பட்டதையும் அவர் நாட்குறிப்பில் பதிந்தார். உடனே தமக்குத் தீங்கு செய்தவர்களுக்காக மன்றாடினார். மூன்று நாட்களுக்கு முன்னர், மே 21 இல், சாள்ஸும் இத்தகைய அனுபவத்தைப் பெற்றிருந்தார்.

அன்று அவர் புதிய கொள்கை எதனையும் கற்கவில்லை. கிறிஸ்து உலகத்துக்காக மரித்தார் என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார். எனக்காக மரித்தார் என ஏற்றுக்கொண்டதே புதியது. ஸ்பாங்கென்பேர்க்கின் கேள்விக்குரிய விடை இரண்டு ஆண்டுகளின் பின்னர் கிடைத்தது.

6. உணர்வும் விசுவாசமும் ஒன்றல்ல

அன்றிலிருந்து வெஸ்லிக்கு ஐயமே ஏற்படவில்லை என எண்ணவேண்டாம். அன்றிரவே, மகிழ்ச்சி பொங்கவில்லையே, இது விசுவாசமாக இருக்குமா என்ற சோதனை அவருக்கு வந்தது. 1739 சனவரியில்கூடத் தம்மைக் கிறிஸ்தவன் எனச் சொல்லத் தயங்கி எழுதினார். உணர்வு கூடும், குறையும். இரட்சிப்பின் அத்திவாரம் மனிதனுடைய உணர்வு அன்று, கடவுளுடைய வாக்குறுதியே என்பதை அவர் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்.

இதே காலத்தில் இலண்டன் மொறாவியர் சிலர், பூரண விசுவாசம் கிடைக்கும்வரை செபம், வேதவாசிப்பு, திருவிருந்து ஆகியவற்றை விட்டு அமைதியாகக் காத்திருக்கவேண்டும் எனப் போதித்தனர். வெஸ்லி இதனை ஏற்கவில்லை. 1740 இல் அவர்களை விட்டுப் பிரிந்தார். அவை இரட்சிப்பை விலைக்கு வாங்கும் பணம் அல்ல. ஆனால் கடவுள் தமது கிருபையை வழங்கும் வழிகள். ஆகவே தேடுபவனும் அவற்றில் காத்திருக்கவேண்டும் என்பது அவரது விளக்கமாகும்.

7. திறந்தவெளிப் பிரசங்கமும் சமூகப்பணியும்

நண்பரான ஜோர்ஜ் விற்பீல்டின் அழைப்பின்பேரில், 1739 ஏப்ரல் 2 இல் பிறிஸ்டல் நகருக்கருகே ஏறத்தாழ 3,000 பேருக்கு வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கித்தார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது தகாது என எண்ணியிருந்த அவருக்கு இது பெரும் மாற்றமாகும். கிங்ஸ்வூட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போன்று, ஆலயங்கள் எட்டாதிருந்த மக்கள் திரளாக வந்து கேட்டனர். 1742 இல் எப்வேர்த் ஆலயத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, ஆலய முற்றத்திலிருந்த தந்தையின் கல்லறைமீது நின்று பிரசங்கித்தார்.

அதே ஆண்டு பிறிஸ்டலில் மண்டபக் கடனைத் தீர்க்க, ஒவ்வொருவரிடமும் வாரம் ஒரு பென்னி சேர்ப்பதற்காக உறுப்பினர் ஏறத்தாழ 12 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பணம் சேர்க்கத் தொடங்கிய ஏற்பாடு, ஒருவரையொருவர் ஆத்மீக வாழ்வில் தாங்கும் வகுப்புக் கூட்டமாக வளர்ந்தது. ஏழைகளுக்கான மருந்தகம், பாடசாலை, சிறுகடன் நிதி என்பனவும் ஆரம்பிக்கப்பட்டன. 1774 இல் அடிமைமுறையைக் கண்டித்து நூல் எழுதினார். இறப்பதற்கு ஆறு நாட்களுக்கு முன், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸை ஊக்குவித்துக் கடிதம் எழுதினார்.

பெரும்பாலும் குதிரையில் ஏறத்தாழ 250,000 மைல் பயணித்து, 40,000 வரையான பிரசங்கங்களை அவர் நிகழ்த்தினார் எனக் கணிக்கப்படுகின்றது. 1791 மார்ச் 2 இல் தமது 87 ஆவது வயதில் இலண்டனில் காலமானார். இறுதிவரை அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவே இருந்தார்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒக்ஸ்போர்ட்டில் செய்த செபம், சிறைச் சந்திப்பு, ஏழைகளுக்கான உதவி ஆகிய அனைத்தையும் 1738 இன் பின்னரும் அவர் செய்தார். செயல்கள் மாறவில்லை, அவற்றின் காரணம் மாறியது. முன்னர் ஏற்றுக்கொள்ளப்படுவதற்காகச் செய்தார். பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டமையால் செய்தார்.

8. இரட்சிப்புப் பற்றிய வெஸ்லியின் போதனை

வெஸ்லியின் போதனையில் கிருபை மூன்று நிலைகளில் விளக்கப்படுகின்றது.

(அ) முன்செல்லும் கிருபை: மனிதன் கடவுளைத் தேடுமுன்னரே கடவுள் அவனைத் தேடுகிறார். மனச்சாட்சி உறுத்துவதும் கடவுளை நாடும் விருப்பம் எழுவதும் இக்கிருபையின் விளைவாகும்.

(ஆ) நீதிமானாக்கும் கிருபை: மனந்திரும்பிக் கிறிஸ்துவை விசுவாசிப்பவனின் பாவத்தை மன்னித்துக் கடவுள் அவனைத் தமது பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார்.

(இ) பரிசுத்தமாக்கும் கிருபை: ஏற்றுக்கொள்ளப்பட்டவன் கடவுளிலும் அயலவரிலும் அன்பு செலுத்துவதில் நாளுக்குநாள் வளர்கிறான்.

இதனை வெஸ்லி ஒரு வீட்டுக்கு ஒப்பிட்டார். மனந்திரும்புதல் வீட்டின் முகப்பு, விசுவாசம் வாசல், பரிசுத்த வாழ்வு வீடு. வாசலால் அன்றி வீட்டினுள் செல்ல முடியாது. வாசலிலேயே நின்றுவிடுபவன் வீட்டில் வாழ்பவனும் அல்லன். எபேசியர் 2:8–10 பகுதியை வாசித்தால், கிருபை, விசுவாசம், நற்செயல் ஆகிய மூன்றும் இதே ஒழுங்கில் வருவதைக் காண்பீர்கள்.

இரட்சிப்பு முன்குறிக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே உரியது என்ற கருத்தை வெஸ்லி மறுத்தார். இதில் அவருக்கும் விற்பீல்டுக்கும் கருத்துவேறுபாடு ஏற்பட்டது. எனினும் 1770 இல் விற்பீல்ட் இறந்தபோது இலண்டனில் நினைவுப் பிரசங்கம் நிகழ்த்தியவர் வெஸ்லியே.

நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கத்தோலிக்க திருச்சபையும் லூதரன் திருச்சபைகளும் 1999 இல் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டன. 2006 இல் உலக மெதடிஸ்த பேரவையும் அதில் இணைந்தது. இரட்சிப்பு மனிதனின் தகுதியினால் அன்று, கிருபையினால் வருகின்றது என்பதில் இவை உடன்படுகின்றன.

9. இலங்கையுடனான தொடர்பு

வெஸ்லி இலங்கைக்கு வந்ததில்லை. அவருடைய உடனூழியரான தோமஸ் கோக், ஆசியப் பணிக்கென மறைப்பணியாளர் சிலரை அழைத்துக்கொண்டு புறப்பட்டு, 1814 மே மாதத்தில் நடுக்கடலில் காலமானார். ஏனையோர் அவ்வாண்டு யூன் 29 இல் காலியை வந்தடைந்தனர். அவர்களுள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் ஆகியோர் யாழ்ப்பாணத்துக்கும் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கும் சென்றனர். ஓல்ட் ஓராண்டு நிறைவுறுமுன் மட்டக்களப்பில் இறந்தார். அவர் தொடக்கிய கல்விப்பணியின் தொடர்ச்சியே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியாகும்.

நினைவிற் கொள்ளவேண்டிய ஆண்டுகள்

1703 – எப்வேர்த்தில் பிறப்பு
1728 – குருவாக அபிஷேகம் பெறல்
1735 – ஜோர்ஜியாவுக்குப் புறப்படல்
1738 – அல்டர்ஸ்கேட் அனுபவம்
1739 – முதலாவது திறந்தவெளிப் பிரசங்கம்
1742 – வகுப்புக் கூட்டம் ஆரம்பம்
1744 – முதலாவது மாநாடு
1774 – அடிமைமுறைக்கெதிரான நூல்
1791 – மரணம்

மாதிரி வினா

நற்செயல்கள் இரட்சிப்பின் காரணமா, கனியா? ஜோன் வெஸ்லியின் வாழ்க்கையை ஆதாரமாகக் கொண்டு விளக்குக.

விடை எழுதுவதற்கான வழிகாட்டல்

• முதலில் உமது முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுக: நற்செயல்கள் இரட்சிப்பின் காரணம் அல்ல, அதன் கனியாகும்.
• காரணம் அல்ல என்பதற்கு ஒக்ஸ்போர்ட் வாழ்க்கை, கடற்புயல், மரணதண்டனைக் கைதி ஆகிய மூன்றையும் சான்றாகக் காட்டுக.
• இரட்சிப்பு எவ்வாறு பெறப்படுகின்றது என்பதற்கு 1738 மே 24 நிகழ்ச்சியை விளக்குக. உள்ளம் வெப்பமடைந்தது என்று மட்டும் எழுதி நிறுத்தவேண்டாம். கிறிஸ்துவை மட்டும் நம்பினார் என்பதே முக்கியமான குறிப்பாகும்.
• கனி என்பதற்குச் சிறைப்பணி, ஏழைகளுக்கான உதவி, அடிமைமுறைக்கு எதிரான குரல் என்பவற்றைக் குறிப்பிடுக.
• வீடு பற்றிய ஒப்புமையுடன் விடையை நிறைவுசெய்க.

இவ்வினாவுக்கு விடை எழுதிய பின், புத்தகத்தை மூடிவைத்து ஸ்பாங்கென்பேர்க் வெஸ்லியிடம் கேட்ட இரண்டு கேள்விகளையும் மீண்டும் நினைவுபடுத்துங்கள். முதலாவது கேள்வி அறிவைச் சோதித்தது. அதற்கு நீங்கள் இப்போது விடை எழுதக்கூடும். இரண்டாவது கேள்விக்கான விடையைப் பரீட்சைத்தாளில் எழுத முடியாது. அதனை ஒவ்வொருவரும் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.